பெரியவளின் நீலம்

பூவுக்குச் சாயம் ஏற்றுவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் பெரியவளிடம் வந்து ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம். சண்டைக்கு வரமாட்டாள். வெள்ளை ரோஜா ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, இதை நீலமாக்கிக் கொண்டாங்க, அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்பாள். அப்படிக் கொண்டுவந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

கடை அண்ணன் தம்பி இருவருடையது. தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் தம்பி உட்கார்ந்து விற்பான். அண்ணன் விடிவதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு மொத்தச் சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி வருவார். கடைக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. ஒரு சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, எதிர்ச் சுவரில் குளிர் அறையின் கனத்த கதவு, நடுவில் இரண்டு வரிசையாகப் பக்கெட்டுகள். தரையில் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது. யாரும் தேய்ப்பதும் இல்லை. இந்த அறையில்தான் வெள்ளைப் பூக்கள் கடவுள் கொடுக்காத நிறங்களை வாங்கிக்கொண்டு வெளியே போயின.

அறை பெரியவளுடையது. அதாவது, அண்ணனின் மனைவியுடையது. தம்பியின் மனைவியான சின்னவளும் அங்கேதான் காலை முதல் மாலை வரை நிற்கிறாள், ஆனாலும் அறை பெரியவளுடையது. ஓரகத்திகள் இருவர் இருபது வருஷம் ஒரே அறையில் வேலை செய்தும் சாயப் பக்கெட்டை ஒருத்தி தலையில் ஒருத்தி கவிழ்க்கவில்லையே என்று சந்தையில் ஆச்சரியமாகப் பேசிக்கொள்வார்கள். கவிழ்க்காததற்குக் காரணம் சின்னவள் வாயைத் திறக்காததுதான் என்பது சந்தைக்காரர்களின் கட்சி. பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் அது போகிற வரைக்கும் எதிரே நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத்தான் தெரியும். சந்தையிலிருந்து வந்த வெள்ளை ரோஜாவை உடனே தண்ணீரில் வைக்கக் கூடாது. மூன்று நான்கு மணி நேரம் மேசைமேல் வெறுமனே படுக்கப் போட வேண்டும். நாக்கு வறண்ட பூதான் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் குடிக்கும். பிறகு அடி இலைகளை உருவி, காம்பைச் சாய்வாக வெட்டி, விரல் பொறுக்கிற சூட்டில் சாயப்பொடி கரைத்த தண்ணீரில் நிறுத்த வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் இதழின் விளிம்பில் பென்சிலால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும். அப்புறம் நரம்பு நரம்பாகப் பரவும். ஐந்தாறு மணி நேரத்தில் பூ மொத்தமும் மாறிவிடும்.

சூட்சுமம் அதற்குப் பிறகுதான். வேண்டிய நிறம் வந்துவிட்டதே என்று பார்த்து எடுத்தால் கெட்டது கதை. நல்ல தண்ணீருக்கு மாற்றினாலும் காம்புக்குள் நிற்கிற சாயம் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். மறுநாள் காலைக்குள் நிறம் இன்னும் ஒரு படி கூடியிருக்கும். ஆகவே நிறம் வந்து சேர்வதற்கு முன்பே எடுக்க வேண்டும். எவ்வளவு முன்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும்.

பெரியவளின் கண் சொன்னதில் பெயர் வாங்கியது நீலம். கருநீலம் யார் வேண்டுமானாலும் போடலாம். வெளிர் நீலம்தான் ஆளைக் குழியில் தள்ளும். கொஞ்சம் கூடினால் பள்ளிக்கூட மை, கொஞ்சம் குறைந்தால் சீக்காளிப் பூ. இவள் போடும் வெளிர் நீலம் இரண்டுக்கும் நடுவில், மழை விட்ட மறுநாள் காலை வானம் மாதிரி இருக்கும். மேடை அலங்காரம் செய்கிறவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 'பெரியவள் நீலம் இருநூறு' என்று போனில் சொன்னால் போதும். மற்ற கடைகளில் துணித் துண்டையோ ரிப்பனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் பார்ப்பார்கள். இவள் வைக்கமாட்டாள். "எனக்கெதுக்குத் துணித் துண்டு? கண்ணு என்ன வாடகைக்கா எடுத்திருக்கேன்?" என்பாள்.

இப்படி இருந்தவளுக்குக் கடந்த ஒன்றரை வருஷமாக இரண்டு எரிச்சல்கள். ஒன்று, கணவர் வாங்கி வரும் வெள்ளை ரோஜா. வெள்ளையா அது, பழுத்த பல் மாதிரி இருக்கிறது, யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தினமும் காலையில் அர்ச்சனை. அவர் பாவம், மூன்று வியாபாரிகளை மாற்றிப் பார்த்துவிட்டார். பூ மாறினாலும் அர்ச்சனை மாறவில்லை.

இன்னொன்று சின்னவள். எங்கிருந்து பிடித்ததோ, அவளுக்கு ஓர் அவசரப் புத்தி வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பெரியவள் சாப்பிடப் போவாள். திரும்பி வந்தால் பூ அத்தனையும் நல்ல தண்ணீருக்கு மாறியிருக்கும். ஏன் எடுத்தாய் என்று கேட்டால், பிடித்த மாதிரி இருந்தது அக்கா, எடுத்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். ஆரஞ்சிலோ பச்சையிலோ இந்த வேலை கிடையாது. நீலமும் ஊதாவும் என்றால் மட்டும்தான் அவளுக்குக் கை துறுதுறுக்கும். அவசரக்காரி என்று பெரியவள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டாள். அப்படியும் பூ வாங்கினவர்கள் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. பூவுக்கு நல்ல நேரம், உனக்கும் நல்ல நேரம் என்று பெரியவள் அதற்கும் ஒரு குத்து வைப்பாள்.

அந்தச் சின்னவள் பத்து நாள் லீவு கேட்டாள். அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். போ போ, இதற்கெல்லாம் கேட்பார்களா என்று பெரியவளே பையை எடுத்துக் கொடுத்தாள். பையை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை. வாசலில் ஒரு கால், அறைக்குள் ஒரு காலாக நின்றாள்.

"அக்கா, நீல ஆர்டர் ஏதாவது வந்தா நான் வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்களேன்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நீலம் போட்டவள் நான், உன் அம்மாவைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, பக்கெட்டைக் கழுவும் சத்தத்தில் அரை நாள் அவளைத் திட்டினாள்.

நாலாம் நாள் மேடைக்காரர் வந்தார். மேடை அலங்காரம்தான் அவருக்குத் தொழில். இந்தக் கடையின் பழைய வாடிக்கை. கத்திப் பேசத் தெரியாத மனிதர். கல்யாண வரவேற்பு ஒன்றுக்கு வெளிர் நீல ரோஜா முந்நூறு வேண்டும், மேடைத் துணி இந்த நிறம் என்று ஒரு முழ ரிப்பனை மேசைமேல் வைத்தார். பெரியவள் அதைச் சுருட்டி இழுப்பறைக்குள் போட்டாள். முன்பக்கத்திலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்து, அண்ணி, கைக்கு ஆள் இல்லையே, இந்த ஒன்றை வேறு கடைக்குச் சொல்லிவிடலாமா என்று இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வரவேற்புக்கு முந்தின நாள் காலையில் முந்நூறு ரோஜாவையும் பெரியவள் தனியாகவே இலை உருவினாள், வெட்டினாள், நிறுத்தினாள். சாயத்தைக் கரைத்து, கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். சோகையாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொடி போட்டாள். மறுபடியும் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை. சாப்பாட்டுக்குக்கூட அறையை விட்டுப் போகவில்லை. பக்கெட்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் போதும் என்று சொன்னபோது எடுத்து, நல்ல தண்ணீருக்கு மாற்றி, குளிர் அறையில் வைத்துக் கதவை மூடினாள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நிம்மதியாக வேலை செய்தேன் என்று கணவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடைக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். குளிர் அறையைத் திறந்தவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"அக்கா, இது யாரோட ஆர்டர்?"

"உங்களதுதான்."

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் லேசாகச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டைப் பையிலிருந்து அதே ரிப்பனில் இன்னொரு துண்டை எடுத்தார். ஒரு ரோஜாவை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ரிப்பனை அதன் இதழில் ஒட்டினாற்போல் பிடித்தார்.

தனித்தனியாகப் பார்த்தபோது பொய் சொன்ன கண், இரண்டையும் சேர்த்துக் காட்டினதும் உண்மையைச் சொல்லிவிட்டது. ரிப்பன் வானமாக இருந்தது. ரோஜா, பேனா உடைந்து சட்டைப் பையில் ஊறிய மை. முந்நூறும் மை. பெரியவள் ரிப்பனை வாங்கி வேறொரு பூவில் வைத்தாள், இன்னொன்றில் வைத்தாள். எட்டாவது பூவுக்கு மேல் வைக்கவில்லை.

சாயப்பொடிக்காரன் பொடியை மாற்றியிருப்பான் என்று கணவர் சப்பைக்கட்டு கட்டினார். சத்தம் கேட்டு வந்த கொழுந்தன் குளிர் அறையைப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு, யோசிக்காமல் ஒன்றைச் சொன்னான்.

"அவ இருந்திருந்தா தண்ணி ஊத்தியிருப்பா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் போகப் பார்த்தான். பெரியவள் குறுக்கே வந்து நின்றாள். என்ன தண்ணீர், யார் ஊற்றியிருப்பாள் என்று கேட்டாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணனும் ஒன்றும் தெரியாமல் முழித்தார். வேறு வழியில்லாமல் கொட்டிவிட்டான். நீலமோ ஊதாவோ கலந்து வைத்துவிட்டு அண்ணி அந்தப் பக்கம் போனதும் சின்னவள் சாயத்தில் இரண்டு மூன்று குவளை வெந்நீர் ஊற்றுவாளாம். ஊற்ற முடியாத அன்றைக்குப் பூவைச் சீக்கிரம் எடுத்துவிடுவாளாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் மனதுக்குள் ஒன்றரை வருஷம் பின்னோக்கி ஓடியது. எடுத்துவிட்டேன் அக்கா, எடுத்துவிட்டேன் அக்கா என்று எத்தனை நாள். குறை சொல்லாத அத்தனை வாடிக்கையும், போனில் 'பெரியவள் நீலம்' என்று கேட்ட அத்தனை குரலும் வரிசையாக வந்து நின்றன. கோபம் வரும் என்று கணவரும் கொழுந்தனும் இரண்டடி தள்ளி நின்றார்கள். வந்தது கோபம் இல்லை, பயம். கண் போய்விட்டது என்றால் இந்த அறையில் அவளுக்கு என்ன இருக்கிறது? இலை உருவ எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

மேடைக்காரர்தான் முதலில் பேசினார். பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருக்கிறேன், ஏதாவது செய்ய முடியுமா பாருங்கள் என்றார். வேறு ஆளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பார். அவர் அன்றைக்குக் கேட்காமல் விட்டதைப் பெரியவள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவில் சின்னவளின் குரல் வந்தது.

"முந்நூறும் மையாப் போச்சு," என்றாள் பெரியவள். "உன் வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிட்டாரு. அதை அப்புறம் பேசலாம். இப்ப என்ன செய்யறது, சொல்லு."

சின்னவள் திருப்பிக் கேட்ட கேள்வி, குளிர் அறையில் வெள்ளைச் சாமந்தி எத்தனை இருக்கிறது என்பது. நாற்பது கட்டு இருந்தது. குடிக்க வைக்க நேரம் இல்லை, முக்கி எடுத்துவிடுங்கள் என்றாள். முக்கி எடுப்பது என்றால், பூவைத் தலைகீழாகப் பிடித்துச் சாயத்தில் பத்து எண்ணும் வரை அமிழ்த்தி, உதறி, நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பது. பெரியவள் அந்த வேலையை மதித்ததே இல்லை. பூவுக்குப் பெயின்ட் அடிக்கிற பிழைப்பு என்று அதற்கு அவள் வைத்த பெயர். இன்றைக்குச் சரி என்றாள்.

"உங்க கண்ணைக் கேக்காதீங்க அக்கா. ரிப்பனைக் கேளுங்க. மொத பூவை முக்கி, காய்ஞ்ச பிறகு ரிப்பன் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஈரத்துல ஒரு நெறம், காய்ஞ்சா ஒரு நெறம். மூணு பூ ஒத்துப்போனாத்தான் மிச்சத்தை முக்கணும்."

"போன்ல படம் காட்டறேன், நீயே பாத்துச் சொல்லேன்."

"போன் உங்களைவிடப் பொய் சொல்லும்."

இவ்வளவு வருஷத்தில் சின்னவள் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. பெரியவளுக்கு அது உறைக்கக்கூட நேரம் இல்லை. கணவரும் கொழுந்தனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். கணவருக்கு நீலம் என்றால் ஒரே நீலம்தான், பச்சைகூடச் சில நாள் நீலம்தான். எனவே அவர் அலசுவதற்கு. கொழுந்தன் தொங்கவிடுவதற்கு. மேடைக்காரரும் அவர் வண்டியோட்டியும் மேசைவிசிறியைத் தூக்கிக்கொண்டு கொடிக்குக் கீழே நின்றார்கள். முதல் பூ கூடிப் போனது. ஒரு குவளை தண்ணீர். இரண்டாவது வெளிறிப் போனது. அரைக் கரண்டி சாயம். ஆறாவது பூவில் ரிப்பனும் இதழும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஏழும் எட்டும் அப்படியே வந்தன. அதற்கப்புறம் பெரியவள் நிமிரவே இல்லை. முழங்கை வரை நீலம் ஏறி, நெற்றி வேர்வையைத் துடைத்ததில் முகத்திலும் நீலம் ஏறி, பதினொன்றே முக்காலுக்குக் கடைசிக் கட்டு வண்டியில் ஏறியது. சாமந்தியும் சாயம் போடாத வெள்ளை ரோஜாவும் கலந்து கட்டினால் மேடை நிறைந்துவிடும் என்று சொல்லி மேடைக்காரர் புறப்பட்டார்.

மை ரோஜாவைக் கொழுந்தன் கடை வாசலில் பக்கெட்டோடு வைத்தான். கல்லூரி விட்டு வந்த பெண்கள் கூட்டமாக நின்று, இந்த நிறம் எங்கேயும் கிடைக்காது என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அதை அவன் பெருமையாக வந்து சொன்னபோது, அந்தப் பிள்ளைகளுக்கும் கண்ணைக் காட்டச் சொல்லு என்றாள் பெரியவள்.

மறுநாள் அவள் பஸ் ஏறினாள். உங்கள் அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்வதற்காக ஒரு கூடைப் பழம். ஐந்து மணி நேரமும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவளைப் பார்த்ததும் யோசித்ததெல்லாம் போய்விட்டது. ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒரு வாரமாகச் சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறாள். உள்ளே அவள் அம்மா வலி மருந்தின் தயவில் உறங்கிக்கொண்டிருந்தார். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எப்ப இருந்து?" என்றாள் பெரியவள்.

"அந்த ஊதா ஆர்டர் ஞாபகம் இருக்கா, பொறந்த நாளுக்கு நூறு பூ? அப்பத்தான் மொதல்ல பாத்தேன். கருப்பு மாதிரி வந்துச்சு. ராவோட ராவா வேற போட்டு வெச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அக்கா. நீலம் கொஞ்சம் கூடுதலோன்னு ஒரு தடவ சொன்னேன். என் கண்ணைப் பத்திப் பேசாதேன்னுட்டு ரெண்டு நாள் நீங்க சாப்பிடலை." சின்னவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க அப்பா கதை எனக்குத் தெரியாதா? ஆபரேஷன்ல கண்ணு போயி, பதினோரு வருஷம் அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுத் திரிஞ்சதை நீங்களே எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க. அப்புறம் எந்த வாயால நான் டாக்டர்னு சொல்றது?"

அப்பாவின் விரல்கள் தன் மணிக்கட்டில் பிடித்திருந்த பிடி பெரியவளுக்கு இப்போதும் தெரியும். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவாள். அதைக் கேலி செய்யாமல், அதட்டாமல், சுற்றிக்கொண்டு போக ஒருத்தி ஒன்றரை வருஷம் வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

"அவசரக்காரின்னு எத்தனை தடவ திட்டியிருப்பேன்."

"எண்ணலை. ஒரு தடவ மட்டும் சந்தைக்காரங்க நாலு பேரு முன்னாடி சொன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன்."

"அழுதுட்டு, மறுநாளும் தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தாம? நீங்க கோவிச்சுக்கிட்டு அந்த ரூமுக்கு வராமப் போயிட்டா நான் யாரோட நிக்கிறது? உங்க கொழுந்தனாரோடயா? அவருக்கு ரோஜாவும் ஒண்ணுதான், முட்டைக்கோசும் ஒண்ணுதான்."

பெரியவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்கு யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை. அந்தச் சொல்லை எடுத்தால் நாடகத்தில் பேசுவதுபோல் இருக்குமே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் மனது நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவளுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது என்று தோன்றியது. தன் பெயரை ஒருத்தி தலையில் வைத்துச் சுமந்திருக்கிறாள், சுமந்ததற்குத் திட்டும் வாங்கியிருக்கிறாள். பழக்கூடையைச் சின்னவளின் மடியில் வைத்தாள். நீ போய் எங்கேயாவது அறை எடுத்துத் தூங்கு, ரெண்டு நாள் உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சின்னவள் மறுத்தபோது, இப்போது நீ அவசரப்படாதே என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாளும் பெரியவள் அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், ஊட்டிவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் சண்டைகூடப் போட்டாள். மூன்றாம் நாள் காலை, நன்றாகத் தூங்கித் தெளிந்து வந்த சின்னவளிடம் பெரியவள் சொன்னாள்.

"இங்க கண்ணு பாக்கற இடமும் இருக்காம். என்னைக் கூட்டிட்டுப் போ. கையை மட்டும் விட்றாதே."

டாக்டர் ஓர் இளம்பெண். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது என்றாள். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்க்கிற மாதிரி, நீலம் அதில் அடிபட்டுப் போகும், வெள்ளையும் மங்கும், மற்றதெல்லாம் கிட்டத்தட்டச் சரியாகவே தெரியும். இதற்குக் கால் மணி நேர ஆபரேஷன் போதும் என்றாள். வெள்ளையும் மங்கும் என்று கேட்டதும் பெரியவளுக்குத் தன் கணவரின் முகம் ஞாபகம் வந்தது. அவள் பயத்தையெல்லாம் பயப்பட்டாள், அப்பாவைப் பற்றி முழுக்கதையும் சொன்னாள். டாக்டர் அவசரமில்லாமல் கேட்டாள். ஆபரேஷன் அன்றைக்கு அறை வாசல் வரைக்கும் சின்னவள் கையை விடவில்லை.

ஒரு கண் முடிந்து, சொட்டு மருந்தெல்லாம் குறைந்து, மூன்று வாரம் கழித்து அவள் அறைக்கு வந்தாள். கணவர் அன்றைய வெள்ளை ரோஜாவை மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தார். பெரியவள் ஒன்றை எடுத்தாள். பழைய கண்ணை மூடி, புதிய கண்ணால் பார்த்தாள். புதியதை மூடி, பழையதால் பார்த்தாள். பால், வெண்ணெய், பால், வெண்ணெய். இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு, "எதுக்குங்க மூணு வியாபாரியை மாத்துனீங்க?" என்று கேட்டாள். அதற்கென்ன இப்போது, நாலாவது ஆள் நல்ல ஆள்தான் என்றார் அவர். இந்த மனிதரையும் கடவுள் எனக்கென்று கொடுத்திருக்கிறாரே என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

அறை முழுக்க நீலம் நின்றது. அவள் இல்லாத மூன்று வாரமும் சின்னவள்தான் கலந்தாள். பெரியவள் பக்கெட் பக்கெட்டாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றிலும் குறை இல்லை. தான் முதன்முதலில் போட்ட நீலத்தைவிட இது ஒரு நூல் சுத்தமாக இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே சொல்லியும் விட்டாள். சின்னவள் காது கேட்காதவள் மாதிரி இலை உருவிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு மேடைக்காரர் வந்தார். முதலில் கண்ணைப் பற்றி விசாரித்தார். அன்றைக்கு மேடை நன்றாகத்தான் அமைந்தது, பெண் வீட்டுக்காரர்கள் சாமந்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், நீங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். பிறகு பெரியவளுக்கு எதிரே வந்து நின்று, அடுத்த வாரம் இன்னொரு மேடை இருக்கிறது, நானூறு பூ என்றார்.

"உங்க நீலம்தான் வேணும் அக்கா."

பெரியவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அது என் நீலம் இல்லீங்க. எப்பவோ என்னுதா இருந்துச்சு. ஒன்றரை வருஷமா நீங்க வாங்கிட்டுப் போனதெல்லாம் இவ போட்டது. நான் கெடுத்து வெப்பேன், இவ நேராக்குவா. பேரு எனக்கு, திட்டு இவளுக்கு. இதை நான் சந்தையிலயும் போய்ச் சொல்லத்தான் போறேன், மொதல்ல உங்ககிட்ட சொல்றேன். எங்க நாலு பேரு சாப்பாட்டையும் இவதான் காப்பாத்தினா. என் மானத்தையும் சேத்து."

"சும்மா இருங்க அக்கா," என்றாள் சின்னவள்.

பெரியவள் சும்மா இருந்தாள். சின்னவளின் தோளைப் பிடித்து எழுப்பி, அவள் உட்கார்ந்திருந்த முக்காலியில் தான் உட்கார்ந்து, பாதியில் நின்ற ரோஜாக் கட்டை மடியில் எடுத்துப் போட்டு இலை உருவ ஆரம்பித்தாள்.

மேடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷமாக இந்த அறைக்கு வந்து போகிறவர், சின்னவளிடம் நேராக ஒன்றும் கேட்டதில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டியை எத்தனை மணிக்கு அனுப்பட்டும்மா?"

சின்னவள் பழக்கத்தில் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"எட்டு மணிக்கு அனுப்புங்க," என்றாள் சின்னவள்.